எண்ணிப் போடும் ஓவர்கள்

2025-இல் இங்கிலாந்து போன இந்திய அணி, ஐந்து டெஸ்ட்டில் மூன்றில்தான் ஜஸ்பிரித் பும்ரா ஆடுவார் என்று தொடருக்கு முன்பே சொல்லிவிட்டது. சொன்னபடி லீட்ஸ், லார்ட்ஸ், மான்செஸ்டர் மூன்றிலும் ஆடினார். அவர் இல்லாத பர்மிங்காமிலும் ஓவலிலும்தான் இந்தியா வென்றது. ஐந்திலும் ஆடி 185.3 ஓவர் வீசிய முகமது சிராஜ், கடைசி நாள் காலையில் கஸ் அட்கின்சனின் ஸ்டம்பை யார்க்கரால் பெயர்த்து, ஆறு ரன் வித்தியாசத்தில் வெற்றியை வாங்கித் தந்தார். அன்றிலிருந்து ‘பணிச்சுமை மேலாண்மை’ என்றாலே பலருக்கு எரிச்சல். சுனில் கவாஸ்கர் முதல் டீக்கடை வரை அதே பேச்சு: சிராஜால் முடிகிறதே, மற்றவருக்கு என்ன?

இந்த வாதம் நிற்காது. பர்மிங்காமில் ஷுப்மன் கில் 269, 161 என்று குவித்தார். ஆகாஷ் தீப் பத்து விக்கெட் எடுத்தார். பும்ரா உட்கார்ந்ததால் வந்த வெற்றி அல்ல அது. சிராஜின் உடல் தாங்கியது என்பதற்காக எல்லா முதுகும் தாங்கும் என்றும் ஆகாது. பேட் கம்மின்ஸ் 2011-இல் ஜோகன்னஸ்பர்கில் பதினெட்டு வயதில் அறிமுகமாகி ஏழு விக்கெட் எடுத்து ஆட்ட நாயகன் ஆனார். அடுத்த டெஸ்ட்டை ஆட அவருக்கு 2017 மார்ச் ஆகிவிட்டது, அதுவும் ராஞ்சியில். இடைப்பட்ட ஆண்டுகளில் பெரும்பகுதியை முதுகெலும்புக் காயமே தின்றது. பந்து வீசும்போது முன்கால் தரையில் ஊன்றும் நொடியில் உடல் எடையைப் போலப் பல மடங்கு விசை மேலேறுகிறது. அதே நொடியில் இடுப்பு வளைந்து திரும்புகிறது. இளம் எலும்பு முழுதாக இறுகுமுன் இது நூற்றுக்கணக்கில் நடந்தால் விரிசல் விடலாம்.

ஆகவே எண்ணுவதில் தவறில்லை. ஒரே முதல்தர ஆட்டத்தில் 50 ஓவருக்கு மேல் வீசியவர்களுக்கு அடுத்த மூன்று, நான்கு வாரங்களில் காயம் கூடுவதை ஆஸ்திரேலிய மருத்துவர் ஜான் ஆர்ச்சர்டின் குழு 2009-இல் காட்டியது. வீசிய அன்று ஒன்றும் தெரியாது, பில் பிறகுதான் வரும். 2024 டிசம்பரில் மெல்போர்னில் பும்ரா 53.2 ஓவர் வீசினார். அடுத்த சிட்னி டெஸ்ட்டின் நடுவில் முதுகைப் பிடித்துக்கொண்டு ஸ்கேனுக்குப் போனார். சாம்பியன்ஸ் டிராபியும் கைநழுவியது. 2023-இல்தான் அதே முதுகில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர். ஒரு நிகழ்வை வைத்து விதி எழுத முடியாதுதான். ஆனால் இதைப் பார்த்த பிசியோ கணக்கை மூடிவைப்பாரா?

சிக்கல், அந்தக் கணக்கை எப்படிப் படிக்கிறார்கள் என்பதில் இருக்கிறது. டிம் கேபட் பிரபலமாக்கிய முறை இது: கடந்த ஒரு வாரச் சுமையை நான்கு வாரச் சராசரியால் வகுக்க வேண்டும். 0.8 முதல் 1.3 வரை வந்தால் நிம்மதி, 1.5 தாண்டினால் ஆபத்து. சொல்ல எளிது, வரைபடமாகக் காட்டவும் அழகு. ஆனால் சராசரியாக 4 ஓவர் வீசுபவர் 8 வீசினாலும், 20 வீசுபவர் 40 வீசினாலும் விகிதம் ஒன்றுதான். இரண்டு முதுகுக்கும் அது ஒன்றல்ல. போதாததற்கு, கடைசி வாரம் அந்த நான்கு வாரத்துக்குள்ளேயே அடங்குவதால் எண் தன்னையே தான் அளந்துகொள்கிறது என்று புள்ளியியலாளர்கள் மல்லுக்கு நின்றார்கள். ஓவர் எண்ணிக்கைக்கு, உயிரைக் கொடுத்து வீசிய ஸ்பெல்லும் பழைய பந்தில் ஒப்புக்கு வீசிய ஸ்பெல்லும் ஒரே விலை.

ஆனாலும் இந்த ஆய்வுகளில் தேறும் ஒரு விஷயம் உண்டு: மொத்தச் சுமையைவிடத் திடீர் ஏற்றம்தான் அதிகம் உடைக்கிறது. படிப்படியாக நிறைய வீசிப் பழகியவருக்கு அந்தப் பழக்கமே கவசம். ‘மூன்று டெஸ்ட்’ என்று முன்கூட்டியே ஒதுக்கீடு போடுவதில் எனக்கு உறுத்துவதும் இதுதான். மூன்று என்பது மொத்தக் கணக்கு. ஏற்றத்தைப் பற்றி அது ஒன்றும் சொல்வதில்லை. ஜூன் 1-ஆம் தேதி வரை ஐபிஎல்லில் ஆட்டத்துக்கு நாலு ஓவர் போட்டுக்கொண்டிருந்த பும்ரா, ஜூன் 20-இல் தொடங்கிய லீட்ஸ் டெஸ்ட்டில் 43.4 ஓவர் வீசினார். இடையில் நெட்ஸில் கூடுதலாக வீசி ஓரளவு ஈடுகட்டலாம், அவ்வளவே. ஜெர்சிக்கு அடியில் ஜிபிஎஸ் கருவி மாட்டி ஒவ்வொரு பந்தையும் அளக்கிறவர்களிடம், இந்த இடைவெளியைக் கூட்டும் அதிகாரம் மட்டும் இல்லை. அது ஒளிபரப்பு ஒப்பந்தமும் அட்டவணையும் முடிவு செய்கிற விஷயம். எதிரணிக்குத் திட்டம் தெரிந்துவிடுகிறது என்ற குறை இதற்கு முன் சின்னது.

சேலம் சின்னப்பம்பட்டி நடராஜன் 2020-21-இல் ஆஸ்திரேலியாவுக்கு நெட் பவுலராகப் போய், ஒரே சுற்றுப்பயணத்தில் மூன்று வடிவத்திலும் அறிமுகமானார். சில மாதங்களிலேயே முழங்கால் அறுவை சிகிச்சை. அந்தத் திடீர் ஏற்றம்தான் காரணம் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் நம் மாவட்டங்களில் இன்று பதினாறு வயதில் வேகம் போடும் பையனைப் பாருங்கள். காலையில் பள்ளி அணி, மாலையில் அகாடமி, ஞாயிற்றுக்கிழமை லீக், நடுவில் டென்னிஸ் பந்து டோர்னமென்ட். ஒவ்வொரு கோச்சும் தன்னிடம் போட்ட பந்தை மட்டும் எண்ணுகிறார், அதுவும் எண்ணினால். இங்கே விகிதமும் வேண்டாம், ஜிபிஎஸ்ஸும் வேண்டாம். நாலு இடத்துப் பந்தையும் ஒரே நாற்பது பக்க நோட்டில் அந்தப் பையனே எழுதி, எல்லா கோச்சிடமும் காட்டினால், யாராவது ஒருவர் அவனை ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருக்கச் சொல்லலாம்.