சொல்லும் சுரமும்: லிலிபாண்ட் இசை அச்சமைப்பில் தமிழ்ப் பாடலடிகள்

சிட்னியிலும் மெல்போர்னிலும் ஆஸ்திரேலிய இசைத் தேர்வு வாரியத்தின் பாடத்திட்டவழிப் பியானோவோ வயலினோ பயிலும் தமிழ்ச் சிறார்க்கு ஐந்துகோட்டு இசைக்குறி கைவந்தது. தமிழோ செவிவழி முழுதும் வாய்க்காதது. அவர்களுக்கென அச்சிடப்படும் பாடலேட்டில் சொல் பிழைபடப் பிரியுமாயின், அப்பிழையே பாடமாகிவிடும். ஆதலின் சொல்லைச் சுரத்தின்கீழ் நிறுத்தும் முறை ஆராயத்தக்கது.

1996இல் தொடங்கப்பெற்ற லிலிபாண்ட், இசையைத் தட்டெழுத்தாக ஏற்று அச்சுருவாக்கும் கட்டற்ற மென்பொருள். இதில் பாடலடி தனியே உள்ளிடப்படும். சொல்லின் கூறுகளை இரட்டைச் சிறுகோடும், நீட்சியை இரட்டை அடிக்கோடும் குறிக்கும். கூறுகளை மென்பொருள் வரிசையாகச் சுரங்களோடு பொருத்தும். எங்குப் பிரிப்பது என்பது பதிப்பாசிரியர் பொறுப்பு.

யாப்பிலக்கண அசையை அவ்வாறே கொள்ளுதல் இயலாது. ‘மலர்’ ஒரே நிரையசை. எனினும் ‘ம’, ‘லர்’ என இரு சுரம் ஏற்கவல்லது. ஆயினும் ஒற்று முன்னெழுத்தைச் சாரும் என்னும் யாப்பு நெறி இங்கும் பொருந்தும்: ‘பட்டு’ என்பது ‘பட்’, ‘டு’ எனப் பிரியும். எனவே ஓர் உயிரும் அதனைச் சார்ந்த மெய்களுமே பாடற்கூறு எனலாம்.

உண்மை இடர்ப்பாடு புணர்ச்சியில் எழுகிறது. ‘தமிழ் அமுது’, ‘தமிழமுது’ ஆகிய இரண்டிலும் கூறுகள் ஐந்தே. ழகரம் மட்டும் அடுத்த சுரத்திற்கு நகர்கிறது. ‘பட்டு ஆடை’ நான்கு கூறு; ‘பட்டாடை’ மூன்றே. மெட்டு புணர்ந்த வடிவிற்கு அமைந்திருக்க, உள்ளீடு பிரிந்த வடிவில் இருப்பின், ஒரு கூறு மிகும். அதன்பின் வரும் சொல் ஒவ்வொன்றும் ஒரு சுரம் தள்ளி நிற்கும்.

சுப்பராம தீட்சிதரின் 1904ஆம் ஆண்டுச் சங்கீத சம்பிரதாய பிரதர்சினி போன்ற பழைய ஏடுகளில் சாகித்தியம் தாளக் கட்டுக்குள் சுரத்தின்கீழ் எழுதப்பட்டது. பிழை நேரினும் அது அந்த ஆவர்த்தனத்தோடு நிற்கும். லிலிபாண்டின் தொடர்வரிசை முறை அக்காவலை இழந்தது என்பது நம் குறை. எனினும் அதனை மீட்கும் கருவி அதனுள்ளேயே உண்டு. தாளப் பகுதிதோறும் பாடலடியிலும் நெடுங்கோட்டுக் குறி இட்டால், இடம் பிறழ்ந்த கூறு குறித்து மென்பொருள் எச்சரிக்கும். ழகரப் பிறழ்ச்சி போன்று எண்ணிக்கை மாறாப் பிழையை மட்டும் இக்குறி காட்டாது. அதற்குப் பாடிப் பார்த்தலே வழி.

ஆகவே பதிப்பிப்போர் பாடப்படும் புணர்ந்த வடிவை முதற்கண் உறுதிசெய்து, அதனையே சுரத்தின்கீழ் இடுதல் வேண்டும். பதம் பிரித்த பாடத்தை ஏட்டின் இறுதியில் தனியே தருதல் வேண்டும். முன்னது நாவிற்கு, பின்னது பொருளுணர்விற்கு. புலம்பெயர் மண்ணில் இரண்டும் இன்றியமையாதன.