பிரசவ வைத்தியமும் பேசாப் பொருளும்

யாழ்ப்பாணத்து உரைநடை வரலாற்றை எழுதுவோர் ஆறுமுக நாவலரிலே தொடங்கி, இலக்கண நூல்களோடும் கண்டனப் பிரசுரங்களோடும் நின்றுவிடுவது வழக்கம். மானிப்பாயிலே அமெரிக்க மிஷன் வைத்தியராக விளங்கிய சாமுவேல் பிஸ்க் கிறீன் 1857 இல் தந்த 'பிரசவ வைத்தியம்' அவர்கள் கண்ணிற் படுவதில்லை. டப்ளின் நகரத்து மருத்துவர் மோன்செலின் நூலைத் தழுவிய தமிழாக்கம் அது. ஆயினும் மொழிபெயர்ப்பென்று ஒதுக்கத் தக்கதன்று. பெண்ணின் உடலை வெட்கத்துக்குரியதாகக் கருதாது, அறிவுக்குரியதாகத் தமிழ் உரைநடை பேசத் துணிந்த முயற்சி அது.

ஆங்கிலத்திற் கற்றவன் உத்தியோகத்தை நாடி ஊரைவிட்டுப் போவான். தமிழிற் கற்றவன் ஊருக்கு உதவுவான். இக்கணிப்பினாலேயே 1864 முதல் கிறீன் தமிழிலே மருத்துவம் போதித்தார். நோயாளியும் வைத்தியனும் ஒரே மொழியிற் பேசாதவிடத்து நம்பிக்கை பிறவாது என்ற உண்மை அதனுள் அடங்கியிருந்தது.

ஆனால் அந்நூல் யாரைச் சென்றடைந்தது? அதைக் கற்றோர் ஆண்கள். பேறு பார்த்தவளோ கிராமத்து மருத்துவிச்சி. பெரும்பாலும் குடிமைத் தொழிலுக்கு ஒதுக்கப்பட்ட குடும்பத்துப் பெண். தாயின் உயிரையும் சேயின் உயிரையும் அவள் கையில் ஒப்படைத்த அதே சமூகம், அவளைத் தன் கிணற்றில் நீர் அள்ள விடவில்லை, பள்ளிக்கூடத்துக்கும் அனுப்பவில்லை. அனுபவம் ஓரிடத்திலும் நூலறிவு வேறோரிடத்திலும் கிடந்தன. 1898 இல் இணுவிலிலே பெண்களுக்கென மக்லியொட் வைத்தியசாலை திறக்கப்பட்ட பின்னரே இவ்விரண்டும் பெண்கள் கையில் ஒன்றுசேர வழி பிறந்தது.

'தாயறியாத சூல் உண்டோ' என்பது பழமொழி. தாய் அறிந்ததை மருத்துவமாதுவிடம் சொல்ல முடிகிறதா என்பதே நம் கேள்வி. தாயின் உயிரைக் காக்கவன்றி வேறெக்காரணத்துக்கும் கருச்சிதைவை அனுமதியாத 1883 ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவை இன்றும் நடைமுறையிலுள்ளது. அஞ்சிய பெண், தன் இரத்தப்போக்கின் காரணத்தை, அதை அறிந்தே ஆகவேண்டியவளிடமிருந்து மறைக்கிறாள். மறுபுறம், பழிக்கு அஞ்சிய மருத்துவமாது 'ஒன்றுமில்லை, பயப்படாதே பிள்ளை' என்று ஆபத்தை மறைக்கிறாள். இவ்விரு பொய்களையும் தனிமனிதக் குறைகளென்று கண்டிப்பது எளிது. அவற்றைப் பிறப்பிப்பது அச்சம். அச்சத்தைப் பிறப்பிப்பது சமூகம்.

1930 களில் ஓரிலட்சம் பிறப்புகளுக்கு 2000 க்கும் மேற்பட்ட தாய்மாரை இழந்த நாடு இது. அண்மைக் காலத்தில் அத்தொகை ஏறத்தாழ 30. வீடு வீடாகச் சென்று, படலையைத் திறந்து, பெண்களோடு பேசிய மருத்துவமாதரின் கால்நடையும் இச்சாதனையில் உண்டு. மருந்து வேலை செய்வதற்கு முன் பேச்சு வேலை செய்தாக வேண்டும்.

நம் சிறுகதைகளிலோ பிரசவம் என்பது மூடிய கதவுக்கு வெளியே உலாவும் கணவனின் பரபரப்பாகவே பெரும்பாலும் வருகிறது. உள்ளே இரு பெண்கள் ஒருவரையொருவர் நம்பியோ நம்பாமலோ நடத்தும் உயிர்ப் போராட்டம் எழுதப்படுவதில்லை. 1857 இல் ஒரு மருத்துவ நூல் துணிந்து திறந்த கதவை, நம் இலக்கியம் இன்னும் சாத்தியே வைத்திருக்கலாமா?