வெறுமையின் விலை

துணிக்கடையின் உள்ளமைப்பு விமர்சனத்துக்கு உரிய விஷயமல்ல, அது வியாபாரத் தந்திரம், அவ்வளவுதான் என்று நண்பர்கள் சொல்வதுண்டு. எனக்கு இது சௌகரியமான பதிலாகப் படுகிறது.

1995-ல் நியூயார்க்கின் மாடிஸன் அவென்யூவில் கால்வின் க்ளைனின் உடுப்புக் கடையை ஆங்கிலேயரான ஜான் பாஸன் அமைத்தார். வெள்ளைச் சுவர்கள், வெளிர்நிறக் கல் தளம், உயர்ந்த கண்ணாடிகள். அந்த விஸ்தாரத்தில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில உடுப்புகள். நான் அதைப் படங்களில்தான் பார்த்திருக்கிறேன். பிரான்ஸ் தேசத்து சிஸ்டர்ஸியன் துறவிகளும் படங்களில் பார்த்துத்தான், செக் நாட்டில் தங்களுக்கு ஒரு மடம் கட்டித்தரும்படி பாஸனிடம் போனார்கள். நோவி த்வூர் என்ற அந்த மடத்தின் தேவாலயம் 2004-ல் அர்ப்பணிக்கப்பட்டது. மடங்களின் அலங்காரத்தைக் கண்டித்து 12-ம் நூற்றாண்டில் எழுதிய புனித பெர்னார்டின் வழிவந்தவர்கள் இவர்கள். தங்கள் மரபின் வெறுமையை ஒரு துணிக்கடையில் அடையாளம் கண்டுகொண்டார்கள்.

ஆக, கடையில் இருந்தது வெறும் தந்திரமல்ல. அங்கே ஒரு ரூபம் இருந்தது. ஆனால், ரூபம் தூய்மையானது, எங்கே வைத்தாலும் ஒன்றுதான் என்று இதிலிருந்து முடிவுகட்டுகிறவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. வாடகை மிகுந்த தெருவில் காலியாக விடப்படும் ஒவ்வொரு அடியும் பணம். ஒரு சட்டைக்கு இவ்வளவு இடமென்றால் அது எப்பேர்ப்பட்ட சட்டை என்று வந்தவனை நினைக்கவைக்கிறது அந்த இடம். சுவர் பேசாமல் நின்றே விலை சொல்கிறது. மடத்தில் அதே மாதிரிச் சுவருக்கு முன்னால் விற்பதற்கு எதுவுமில்லை. விடியுமுன் எழுந்து நாளுக்குப் பலமுறை அங்கே கூடுகிறவர்கள், அந்த வெறுமைக்குத் தங்கள் வாழ்க்கையையே ஈடாகக் கொடுக்கிறார்கள்.

கடை எதை ஈடாகக் கொடுத்தது? ராஃப் சிமன்ஸ் அந்த நிறுவனத்தின் வடிவமைப்புப் பொறுப்பை ஏற்றபின், 2017-ல், ஸ்டெர்லிங் ரூபி என்ற கலைஞரைக் கொண்டு உள்ளே எங்கும் பளீரென்ற மஞ்சள் பூசப்பட்டது. 2019-ல் கடையே மூடப்பட்டது. வெள்ளையும் அங்கே ஓர் உடுப்புதான். மோஸ்தர் மாறியதும் கழற்றிவிட்டார்கள்.

நான்கு சொற்களை எழுதிச் சுற்றிலும் வெள்ளையை விடுகிற நமக்கு இதில் ஒரு கேள்வி இருக்கிறது. அந்த வெள்ளை, சொல்லவேண்டியதைச் சொல்லி முடித்ததால் மிஞ்சியதா, சொல்லின் விலையை ஏற்றுவதற்காக விட்டதா?