மெழுகு தந்த மென்மை

தஞ்சை அரண்மனைக் கலைக்கூடத்தில் திருவெண்காட்டு ரிஷபவாகனர் நிற்கிறார். 1011ஆம் ஆண்டைச் சேர்ந்த செப்புத் திருமேனி. அவர் சாய்ந்திருந்த காளை இன்று இல்லை; ஆனாலும் அந்தக் கை காளையின் மேல்தான் கிடக்கிறது, அத்தனை இயல்பான தளர்ச்சி. தலைப்பாகையாகச் சுற்றிய சடையையும் இடையாடை மடிப்பையும் கூர்ந்து பாருங்கள். ஒரு விளிம்புகூட முரட்டுக் கூர்மையோடு நிற்கவில்லை. உலோகத்துக்கு இந்த மென்மையைக் கொடுத்தது மெழுகு.

சுவாமிமலை ஸ்தபதிகள் இன்றும் மெழுகில் தொடங்கித்தான் வார்க்கிறார்கள். தேன்மெழுகும் குங்கிலியமும் கடலை எண்ணெயும் சேர்த்துக் காய்ச்சி, துணியில் வடிகட்டிக்கொள்கிறார்கள். தலை, உடல், கைகள் என்று தனித்தனியே பிடித்து, சூடான இரும்பால் ஒட்டுகிறார்கள். அளவுகோல் ஒரு தென்னங்கீற்றுதான். சிலையின் உயரத்துக்கு நறுக்கி, தாளம் என்னும் சிற்ப அளவுக் கணக்குப்படி மடித்துக்கொண்டால் போதும்.

பிறகு காவிரி வண்டல். என்னைக் கேட்டால் முதல் பூச்சில்தான் சிலையின் தலையெழுத்தே இருக்கிறது. நகக்கண், மூக்கு நுனி, ஆரத்தின் மணி எதையும் விடாமல் நைசான மண்ணைப் பூசி நிழலில் உலர்த்த வேண்டும். அதில் ஒரு காற்றுக்குமிழி தங்கினால் உலோகத்தில் ஒரு பரு. அடுத்த பூச்சுகளுக்கு வயல்மண்ணும் மணலும். பெரிய அச்சென்றால் இரும்புக் கம்பிக் கட்டும் உண்டு. வறட்டித் தீயில் மெழுகு உருகி வெளியேறும். சூடு ஆறுவதற்குள் அச்சை மண்ணில் புதைத்து, உருகிய உலோகத்தை அறாத மெல்லிய தாரையாக ஊற்றுவார்கள். எவ்வளவு உலோகம் வேண்டும் என்பதற்கு 12ஆம் நூற்றாண்டிலேயே சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரனின் மானசோல்லாசம் கணக்குச் சொல்லியிருக்கிறது: மெழுகின் எடையைப்போல் செம்பு 8 மடங்கு, வெள்ளி 12 மடங்கு, பொன் 16 மடங்கு. அச்சை உடைத்துத்தான் சிலையை எடுக்க முடியும். வார்ப்பு பிசகினால் மறுபடி மெழுகிலிருந்து தொடங்க வேண்டும்.

இவ்வளவு ஆபத்து தெரிந்தும் சோழச் சிற்பிகள் நகையின் நுணுக்கம்வரை பெரும்பாலும் மெழுகிலேயே முடித்தார்கள். உற்சவத்தில் பட்டும் பூவும் மூடிவிடும் முதுகுக்கும் அதே கவனம் காட்டினார்கள். இன்றோ கண், ஆபரணம், ஆடைக்கரை வேலையில் பெரும்பகுதி வார்த்தபின் உளியால் நடக்கிறது. உளிவேலையின் திறமையை நான் குறைத்துச் சொல்லவில்லை. கோடுகள் பளிச்சென்று கண்ணைப் பறிக்கின்றன. ஆனால் விரல் வருடிய வளைவில் இருக்கும் உயிர்ப்பை, உலோகத்தில் கீறிய கோட்டில் நான் கண்டதில்லை.

சுவாமிமலையில் சிலைக்குச் சொல்லிவைப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். மெழுகு நிலையிலேயே ஒருமுறை போய்ப் பாருங்கள். உளிவேலை குறைவாக இருக்கட்டும் என்று சொல்லுங்கள். மெழுகுவேலைக்குக் கூடுதல் நாளும், அதற்குரிய கூலியும் மனதாரக் கொடுங்கள்.