சுவரோடு மல்லுக்கட்டு

1973-இல் அமெரிக்காவின் ஏபிசி தொலைக்காட்சி ‘சூப்பர்ஸ்டார்ஸ்’ நிகழ்ச்சியைத் தொடங்கியது. பல துறை விளையாட்டு வீரர்களைக் கூட்டிவந்து, தங்களுக்குப் பழக்கமில்லாத ஆட்டங்களில் மோதவிட்டார்கள். உலகக் குத்துச்சண்டைச் சாம்பியனாக இருந்த ஜோ பிரேசியர், நீச்சல் தெரியாமலேயே நீச்சல் போட்டியில் இறங்கித் தத்தளித்தார். வென்றவர் கோலூன்றித் தாண்டும் வீரர் பாப் சீக்ரன். ஆனால் இன்றுவரை பேசப்படுவது பிரேசியர் தத்தளித்ததுதான். வீரன் ஜெயிப்பதைவிடத் தடுமாறுவதற்கே மவுசு என்று தொலைக்காட்சி அன்றே கண்டுகொண்டது.

1989-இல் வந்த ‘அமெரிக்கன் கிளாடியேட்டர்ஸ்’ கட்டுமஸ்தான பயில்வான்களைச் சாதாரணப் போட்டியாளர்கள் மீது ஏவிவிட்டது. பளபள உடை, புனைபெயர், ஆரவாரம். எனக்கு அதில் ருசி தட்டியதில்லை.

உண்மையான திருப்பம் ஜப்பானில். 1997-இல் டிபிஎஸ் தொலைக்காட்சி ‘சசுகே’யை ஒளிபரப்பியது. கதைகளில் வரும் ஒரு நிஞ்ஜாவின் பெயர் அது. நூறு பேர், நான்கு கட்டங்கள், எதிரில் ஆளே கிடையாது. நம்மூர் வழுக்குமரத்தில் மரம்தானே எதிராளி? இங்கே வளைந்த சுவரும் தொங்கும் கம்பிகளும் கயிறும். பிடி நழுவினால் தண்ணீர், அத்தோடு சரி. பெரும்பாலான முறை ஒருவர்கூடக் கடைசிவரை போய்ச் சேருவதில்லை. வெற்றியாளரே இல்லாமல் முடியும் போட்டியை ஒரு தேசம் கொட்டக் கொட்ட விழித்திருந்து பார்த்தது!

1999-இல் முதன்முதலாக முழுப் பாதையையும் கடந்தவர் அகியாமா கசுஹிகோ. நண்டு பிடிக்கும் தொழிலாளி. பார்வைக் குறைபாடு உள்ளவர். அடுத்தவர் வர 2006 ஆயிற்று: நாகானோ மகோதோ, அவரும் மீனவர். பிறகு 2010-இலும் 2011-இலும் காலணி விற்பனையாளரான உருஷிஹாரா யூஜி. பிழைப்புக்கு வேறு வேலை பார்த்தபடி பயிற்சி எடுத்த இவர்களே அந்நிகழ்ச்சியின் நாயகர்கள்.

2009-இல் இது ‘அமெரிக்கன் நிஞ்ஜா வாரியர்’ ஆகி அமெரிக்கா போனது. 2014-இல் கேசி கட்டன்சாரோ, நகர இறுதிச் சுற்றின் பாதையை முடித்த முதல் பெண்ணானார். உயரம் ஐந்தே அடி. மறு ஆண்டு ஜெஃப் பிரிட்டன் கடைசிக் கயிற்றை 30 நொடிக் கெடுவுக்குள் ஏறி, அந்நிகழ்ச்சியில் முழுப் பாதையையும் வென்ற முதல் ஆள் ஆனார். அடுத்து ஏறிய ஐசக் கால்டியேரோ அவரைவிட மூன்றரை நொடி வேகம். பத்து லட்சம் டாலர் முழுவதும் கால்டியேரோவுக்கு. பிரிட்டனுக்குச் சல்லிக்காசு இல்லை. சுவரை எதிராளியாக வைத்த ஆட்டத்தில் மறுபடி மனிதனுக்கு மனிதனையே எதிராளியாக்கியது அந்தப் பரிசுப் பணம். ஜப்பானியர் கட்டியதன் உயிர்நாடியை அமெரிக்கர் பிடிக்கத் தவறிய இடம் இதுதான் என்பேன்.

அந்தச் சுவர் இனி ஒலிம்பிக்குக்கும் போகிறது. டோக்கியோ ஒலிம்பிக்கில், ஐந்து போட்டிகள் அடங்கிய நவீன பென்டத்லானின் குதிரையேற்றம் அடம்பிடித்த குதிரையால் சர்ச்சையில் சிக்கியது. பாரிஸ் 2024-உடன் குதிரைக்கு விடை கொடுத்தாயிற்று. 2028 லாஸ் ஏஞ்சல்ஸில் அதன் இடத்துக்கு வருவது, சசுகே பாணித் தடைப் பாதை.