சறுக்கும் மொழிகள்: ஒரு பட்டியலை வாசித்தல்

மென்பொருளைத் தமிழில் வைத்துக்கொண்டு புழங்குகிறவர்களுக்கு இது பழகிய காட்சி. மேலே 'சேமி' என்றிருக்கும். அதற்குக் கீழே திடீரென்று ஆங்கிலம். மொழிபெயர்ப்பு இல்லாத இடத்தில் எந்திரம் மௌனம் காப்பதில்லை, வேறொரு மொழிக்குச் சறுக்கிவிடுகிறது. எந்த மொழிக்கு என்பதை யாரோ முன்கூட்டியே எழுதி வைத்திருக்கிறார்கள். தொழில்நுட்ப விவரம் என்று நாம் ஒதுக்கிவிடும் இதை ஒரு பிரதியாக வாசித்துப் பார்க்கலாம்.

விக்கிப்பீடியாவை இயக்கும் மீடியாவிக்கியில் மொழிக்கு ஒரு கோப்பு உண்டு. சொல் இல்லையென்றால் அடுத்து எங்கே போவது என்று அதில் ஒரு வரி இருக்கலாம். துளுவுக்குக் கன்னடம். மைதிலிக்கு இந்தி. பிரெத்தானுக்குப் பிரெஞ்சு. கெச்சுவாவுக்கு ஸ்பானிஷ். கலாலிசுத்துக்கு டேனிஷ். கடைசியில் எல்லோருக்கும் ஆங்கிலம். கன்னடத்தில் சொல் குறைந்தால் துளுவிடம் கேட்பதில்லை. இந்த இணைகளில் சறுக்கல் ஒரே திசையில்தான். 2009இல் கிரீன்லாந்து சுயாட்சிச் சட்டம் கலாலிசுத்தை ஆட்சிமொழியாக்கியது. பட்டியலிலோ அதன் முதுகுக்குப் பின்னால் இன்னும் டேனிஷ் நிற்கிறது. மொழியியல் உறவு இதற்குக் காரணமில்லை, கலாலிசுத்தும் டேனிஷும் ஒரே குடும்பமல்ல. ஆண்டவன் யார், ஆளப்பட்டவன் யார் என்பதுதான் இங்கே இலக்கணம்.

'அவங்களுக்குப் படிக்கத் தெரிஞ்ச மொழியைத்தானே கொடுக்கிறோம், இதுல என்ன அரசியல்?' என்று நண்பர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். துளு பேசுகிறவர் பள்ளியில் கன்னடம் படித்தவர், புரியாத ஆங்கிலத்தைவிடக் கன்னடம் அவருக்கு உதவும். ஆனால் அவருக்கு ஏன் அது மட்டும் படிக்கத் தெரிந்தது? பள்ளிக்கூடம் செய்த வேலையைப் பட்டியல் 'வசதி' என்று பெயர் மாற்றிப் பதிவுசெய்கிறது. வரலாறு இயல்பாகிப் போவது இப்படித்தான்.

குனு திட்டத்தின் கெட்டெக்ஸ்ட்டில் இது இன்னும் அப்பட்டம். அங்கே மூலச் சொற்றொடர்தான் சாவி, வழக்கத்தில் அது ஆங்கிலம். மொழிபெயர்ப்பு கிடைக்காவிட்டால் அந்தச் சாவியே திரையில் வந்து நிற்கும். தமிழ், மேலே ஒட்டிய காகிதம். கிழிந்தால் அடியில் இருப்பது தெரியும். ஆங்கிலத்துக்கு விழ இடம் தேவையில்லை, அதுதான் தரை. ஆனால் அதே கெட்டெக்ஸ்ட்டில், பயனர் தன் மொழிகளை முக்காற்புள்ளியிட்டு வரிசையாக எழுதிக்கொள்ளவும் வழியுண்டு. 2016இல் வந்த ஆண்ட்ராய்டு 7 கைபேசியிலும் இப்படி ஒரு வரிசையை அனுமதித்தது. தமிழுக்குப் பிறகு மலையாளம் என்று ஒருவர் வைத்துக்கொள்ளலாம். ஆக, தொழில்நுட்பம் கையைக் கட்டிவிடவில்லை. முன்னிருப்பாக எழுதிவைத்ததை நாம்தான் தொடாமல் விட்டிருக்கிறோம்.

ஆங்கிலத்தைத் திட்டிவிட்டு இங்கேயே நிறுத்திக்கொள்வது நமக்குச் சௌகரியம். அது பாதி வாசிப்புதான். யூனிகோடு அமைப்பின் வட்டாரத் தரவுத் தொகுப்பில் இலங்கைக்கும் மலேசியாவுக்கும் சிங்கப்பூருக்கும் தனித் தமிழ்க் கோப்புகள் உண்டு. அவற்றில் இல்லாதது பொதுத் தமிழிலிருந்து வரும். நாடு குறிப்பிடாத அந்தப் பொதுத் தமிழ் இந்தியத் தமிழ் என்றே கொள்ளப்படுகிறது. யாழ்ப்பாணத்துக்காரர் நம்மிலிருந்து 'வேறுபடுகிறவர்', நாம் யாரிலிருந்தும் வேறுபடாதவர்கள். மையம் தன்னை மையம் என்று சொல்லிக்கொள்வதே இல்லை.

நாளைக்கு இருளர் மொழியில் ஒரு இடைமுகம் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். சொல் இல்லாத இடத்தில் அடுத்து எந்த மொழி? நம் கை யாரையும் கேட்காமல் 'தமிழ்' என்று எழுதிவிடும், எழுதிவிட்டு அதை உதவி என்றும் சொல்லும். அந்த வரியை இருளர்களே எழுதட்டும். வேண்டுமானால் வெற்றிடமாகவே விடட்டும். வெற்றிடம் கண்ணுக்குத் தெரிந்தால்தான் அதை நிரப்ப ஒருவர் வருவார். சறுக்கி மூடப்பட்ட இடத்தில் குறை இருப்பதே யாருக்கும் தெரியாமல் போகும்.