இருக்கிற பேக்கப் ஏன் கண்ணில் படுவதில்லை?

பேக்கப் பற்றி யாரிடம் கேட்டாலும் 3-2-1 விதியைச் சொல்வார்கள். மூன்று பிரதி, இரண்டு வகை சாதனம், ஒன்று வேறு இடத்தில். பீட்டர் க்ரோ என்ற போட்டோகிராபர் பிரபலமாக்கியது. நல்ல விதிதான், ஆனால் எனக்கு அதன் மேல் ஒரு புகார் உண்டு. அது பிரதிகளை எண்ணுகிறது. வைத்ததைத் திரும்ப எடுக்க முடியுமா என்பதற்கு அதில் எண்ணே இல்லை.

இங்கே மண்ணரை, ஊத்துக்குளி ரோடு பக்கம் சின்ன ஜாப் ஒர்க் யூனிட்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே கம்ப்யூட்டரில் டேலி, டெலிவரி சலான், எம்பிராய்டரி டிசைன், குழந்தை போட்டோ எல்லாம் இருக்கும். பேக்கப் என்றால் மேசை டிராயரில் கிடக்கும் ஒரு எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க். ஜிஎஸ்டி சட்டத்தின் 36-ஆவது பிரிவுப்படி, கணக்குகளை ஆண்டு ரிட்டர்னின் கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும். 2018-19-க்கான கடைசித் தேதி தள்ளித் தள்ளி 31-12-2020 ஆனது. அப்படியென்றால் அந்த வருட பில்கள் 2026 டிசம்பர் வரை கையில் இருக்கணும். இடையில் கம்ப்யூட்டர் இரண்டு தடவையாவது மாறியிருக்கும். நோட்டீஸ் வந்த அன்று டிஸ்க்கைச் செருகினால் ஃபைல் இல்லை. "அத்தனையும் போச்சுங்க" என்று ஆரம்பிப்பார்கள்.

போயிருக்காது என்பதற்கு முதல் தடயம் இடக் கணக்கு. டிஸ்க்கில் 300 ஜிபி நிரம்பியிருக்கிறது என்று காட்டுகிறது, கண்ணில் தெரியும் ஃபோல்டர்களை மொத்தமாகத் தேர்ந்தெடுத்துப் பார்த்தால் 40 ஜிபிதான் வருகிறது என்றால், மீதி உள்ளேதான் எங்கோ இருக்கிறது. பென் டிரைவ் வழியாகப் பரவும் ஷார்ட்கட் வைரஸ் செய்வது இதைத்தான். ஃபைலை அழிக்காது, ஹிட்டன், சிஸ்டம் என்ற இரண்டு முத்திரைகளைக் குத்திவிடும். 'மறைந்த ஃபைல்களைக் காட்டு' என்று மட்டும் டிக் செய்தால் போதாது. சிஸ்டம் ஃபைல்களை மறைக்கும் இன்னொரு டிக் கீழே இருக்கும், அதையும் எடுக்கணும்.

வைரஸ் செய்வதைப் புரிந்துகொள்ளலாம். பேக்கப் மென்பொருளே ஏறக்குறைய அதையே செய்வதுதான் எனக்கு உறுத்துகிறது. விண்டோஸ் 7-இல் வந்த பேக்கப், டிஸ்க்கில் கம்ப்யூட்டரின் பெயரில் ஒரு ஃபோல்டர் போடும். அதை டபுள் கிளிக் செய்தால் உள்ளே போகாது, ரீஸ்டோர் ஜன்னல் திறக்கும். ரைட் கிளிக் செய்து திறந்தால் தேதி போட்ட ஃபோல்டர்கள், அதற்குள் இன்னும் ஃபோல்டர்கள், கடைசியில் வரிசை எண் போட்ட ஜிப் ஃபைல்கள். உங்கள் பில் 14-ஆவது ஜிப்பிலா 41-ஆவதிலா என்பது அந்த மென்பொருளின் கேட்டலாக்குக்குத்தான் தெரியும். பெயரைப் போட்டுத் தேடினாலும் வராது, ஏனென்றால் விண்டோஸ் தேடல் ஜிப்புக்குள் தானாகப் போவதில்லை. வழி சுலபம்: விண்டோஸ் 10, 11 இரண்டிலும் கன்ட்ரோல் பேனலில் 'பேக்கப் அண்ட் ரீஸ்டோர் (விண்டோஸ் 7)' இன்னும் இருக்கிறது. வேறு கம்ப்யூட்டரில் எடுத்த பேக்கப்பையும் அதிலிருந்து தேர்ந்தெடுத்து மீட்கலாம். விண்டோஸ் 11-க்காரர் அந்தப் பெயரைப் பார்த்து இது நமக்கு இல்லை என்று நகர்ந்துவிட்டால் அவரைக் குறை சொல்ல முடியுமா?

விண்டோஸ் 8-உடன் வந்த ஃபைல் ஹிஸ்டரி கொஞ்சம் மேல். ஜிப் கிடையாது, ஃபோல்டர் அமைப்பு அப்படியே இருக்கும். ஆனால் ஒவ்வொரு ஃபைல் பெயரின் வாலிலும் தேதி, நேரம் ஒட்டிக்கொள்ளும், அதுவும் யுடிசி நேரத்தில். நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி முன்னால். நைட் ஷிப்டில் ஜூலை 5 அதிகாலை 1 மணிக்கு எடுத்த பிரதி, ஜூலை 4 இரவு 7.30 என்று நிற்கும். 5-ஆம் தேதியைத் தேடுகிறவர் அதைத் தாண்டிப் போய்விடுவார்.

டேலி விஷயம் தனி. கம்பெனி டேட்டா ஃபோல்டருக்குப் பெயர் 10000, 10001 என்பது மாதிரி வெறும் எண். கம்பெனி பெயரைப் போட்டுத் தேடினால் ஒன்றும் சிக்காது. டேலிக்குள் இருந்தே எடுத்த பேக்கப் என்றால் அதுவும் டேலியின் ரீஸ்டோர் வழியாகத்தான் திறக்கும். எம்பிராய்டரிக்காரர்களுக்கு வேறு தலைவலி. மிஷினுக்குப் போகும் டிஎஸ்டி ஃபைலை விண்டோஸ் படமாகக் காட்டாது. பையர் ஸ்டைல் நம்பரில் ஆயிரம் ஃபைல் கிடந்தால், இருந்தும் இல்லாத மாதிரிதான்.

இதெல்லாம் இருந்தும் தெரியாத வகை. நிஜமாகவே இல்லாத வகையும் உண்டு. ஃபைல் ஹிஸ்டரி தானாக எடுப்பது டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ், டெஸ்க்டாப் மாதிரி சில இடங்களை மட்டும். டேலி டேட்டா சி டிரைவில் தனி ஃபோல்டரிலோ டி டிரைவிலோ இருந்தால், நாமாகச் சேர்க்காதவரை அது பேக்கப்பில் ஏறாது. மணிக்கொரு தரம் பேக்கப் ஓடும், ஓடியதாகச் செய்தியும் காட்டும். கிட்லேப் நிறுவனத்துக்கு 2017 ஜனவரி 31 அன்று இந்த மாதிரிதான் ஆனது. டேட்டாபேஸ் தவறுதலாக அழிந்தபின் பார்த்தால், தினசரி பேக்கப் வெர்ஷன் பொருந்தாமல் சத்தமில்லாமல் தோற்றுக்கொண்டிருந்தது. சுமார் ஆறு மணி நேர டேட்டா போனது. மறைக்காமல் எழுதி வெளியிட்டார்கள், அதற்கு ஒரு மரியாதை.

மேக்கில் 2007-இல் வந்த டைம் மெஷின், தேதி வாரியாக ஃபோல்டர் போட்டு, ஃபைலை அதன் சொந்தப் பெயரிலேயே வைத்தது. டிஸ்க்கைச் செருகி யாரும் திறந்து பார்க்கலாம். அப்படிச் செய்ய முடியும் என்பது அப்போதே தெரிந்த விஷயம்தான்.

காணோம் என்றவுடன் ரெகவரி மென்பொருளை இறக்கி, மீட்டதை அதே டிஸ்க்கில் எழுதுவது இங்கே வழக்கமாகிவிட்டது. அழிந்த ஃபைல் ஏதாவது இருந்தால் அதன் மேலேயே எழுதிவிடும் அபாயம் அதில் உண்டு. முதலில் இடக் கணக்கு, பிறகு மறைந்த ஃபைல்கள், பிறகு எந்த மென்பொருளில் எடுத்தார்களோ அதிலேயே ரீஸ்டோர். எந்த மென்பொருளில் எடுத்தது என்று ஒரு பேப்பரில் எழுதி டிஸ்க் மேலேயே ஒட்டி வைத்தால் கடைசி வேலை பாதியாகக் குறையும்.